"தூரோ கூட இல்ல"ன்னா என்ன? ஸ்பெயின்காரங்களோட சல்லிக்காசு கதை

ஸ்பானிஷ் சீரியல் ஒன்னு பாத்துட்டு இருந்தேன், அதுல ஒருத்தன் கடன் கேட்டு வந்த ஃப்ரெண்டுகிட்ட "நோ தெங்கோ நி உன் தூரோ"ன்னு கைய விரிக்கிறான். தூரோன்னா 'கெட்டி'ன்னு அர்த்தம், அத வார்த்தைக்கு வார்த்தை மாத்தினா "என்கிட்ட ஒரு கெட்டி கூட இல்ல"ன்னு வரும், ஒரு மண்ணும் வெளங்காது.

தூரோங்கிறது ஒரு காசு. பழைய வெள்ளி நாணயத்துக்கு 'பேசோ தூரோ', அதாவது கெட்டி பேசோன்னு பேரு, பேசிப்பேசி முன்னால இருந்த பேசோ உதிர்ந்து தூரோ மட்டும் மிஞ்சிருச்சு. 1868ல ஸ்பெயினோட நாணயமா பெசேத்தா வந்தப்புறம் அஞ்சு பெசேத்தா காசுக்கு அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு. 2002ல யூரோ வந்து பெசேத்தாவே போயிருச்சு, 1 யூரோ 166.386 பெசேத்தான்னு மாத்தினாங்க, அந்தக் கணக்குல ஒரு தூரோ வெறும் 3 சென்ட். ஆனாலும் பேச்சுல தூரோ சாகல. நம்ம ஆளுங்க 1957லயே அணாவ விட்டுட்டு இன்னும் "காலணாவுக்கு பிரயோஜனம் இல்ல"ன்னு திட்டுறோமே, அதே கதைதான்.

எனக்கு ரொம்ப புடிச்சது 'பெர்ரா'. அப்படின்னா பெட்டை நாய்! 1870ல வந்த செப்புக்காசுல ஒரு சிங்கம் நிக்கும், ஜனங்க கண்ணுக்கு அது நாய் மாதிரி தெரிஞ்சிருக்கு, 10 சென்த்திமோ (ஒரு பெசேத்தாவுல நூத்துல ஒரு பங்குதான் சென்த்திமோ) காசு 'பெர்ரா கோர்தா' (குண்டு நாய்), 5 சென்த்திமோ 'பெர்ரா சீக்கா' (குட்டி நாய்) ஆயிருச்சு. அதனால "ஒரு நாய் கூட இல்ல"ன்னா பாக்கெட் காலின்னு அர்த்தம், நாய் வளக்கலன்னு இல்ல.

'சின் ப்ளாங்கா' (ப்ளாங்கா இல்லாம), அதாவது கையில காசில்லாமங்கிறதும் இதே ரகம், ப்ளாங்கான்னா வெள்ளை, ஸ்பெயின்ல இருந்த காஸ்தீல்யா ராஜ்யத்தோட பழைய காசு ஒன்னோட பேரு, போகப்போக மதிப்பு கொறைஞ்சு அரை மரவேதி (அதுவும் அந்தக் காலத்து காசுதான்) ஆயிருச்சு.

சரி தமிழ்ல என்ன போடலாம்? மூணுக்குமே "சல்லிக்காசு கூட இல்ல"தான் கச்சிதம். 'பணம் இல்லை'ன்னு எழுதினா அர்த்தம் வரும், ஆனா உப்பில்லாத சாம்பார். "துட்டு இல்ல"ன்னும் போடலாம், அதுவும் 'டெளட்'ங்கிற டச்சுக்காரன் செப்புக்காசுலேருந்து வந்ததுன்னு சொல்லுவாங்க, அதனால பொருத்தம் தான்.

தூரோவ மெக்சிகோ பக்கம் தேடாதீங்க. அங்க பணத்துக்கு 'லானா', கம்பளி. அர்ஜென்டினாவுல 'ப்ளாத்தா', வெள்ளி. கையில ஒன்னும் இல்லாதவன் பல ஊர்ல 'பெலாதோ', தோல உரிச்சு விட்டவன், பொண்ணா இருந்தா 'பெலாதா'.