லாட்ஜ்: சாளையில் பிறந்த சொல்

"ஏனுங்க, சொந்த ஊட்டுல இருக்கறவரு மாசாமாசம் எதுக்குங்க லாட்ஜுக்குப் போறாரு?" எங்கள் வீதிப் பெரியவர் ஒருவரைப் பற்றி என் அத்தை கேட்டது இது. கோவை காந்திபுரம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி நடக்கிற எவருக்கும் லாட்ஜ் என்றால் வாடகைக்கு அறை கிடைக்கும் இடம்தான். பெரியவர் போய்வந்ததோ ஃப்ரீமேசன் கூட்டத்துக்கு. மூடிய கதவுக்குள் சடங்கோடு கூடும் ஒரு சகோதர அமைப்பு அது; அவர்கள் குழுவுக்கும் லாட்ஜ் என்றே பெயர். ஒரு சொல்லால் நல்ல மனுசர் மேல் வீண் சந்தேகம் விழுந்தது.

ஆங்கிலத்துக்கு லாட்ஜ் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. பிரெஞ்சுக்காரர் அதை ஜெர்மானிய மொழியிலிருந்து எடுத்தார்கள். இலைதழை வேய்ந்த ஒதுங்குமிடம் என்பதே மூலப்பொருள். ஓட்டல் வாசலில் நாம் சொல்லும் 'லாபி'யும் அதே வேர்தான். கொங்கில் தோட்டத்து நடுவே ஓலை வேய்ந்து நிற்குமே சாளை, அதை நினைத்துக்கொண்டால் போதும்.

இடைக்கால ஐரோப்பாவில் பெருங்கோயில்கள் எழும்பப் பல பத்தாண்டுகள் பிடித்தன. வேலையிடத்தை ஒட்டிக் கல்தச்சர்கள் கொட்டகை போட்டுக்கொண்டார்கள். உளி வைப்பது, மழையில் கல் செதுக்குவது, உண்பது எல்லாம் அங்கேயே. அந்தக் கொட்டகைதான் லாட்ஜ். அவிநாசிப் பக்கம் திருமுருகன்பூண்டியில் சிற்பிகளின் பட்டறை உளிச்சத்தத்தைக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காலப்போக்கில் கொட்டகையின் பெயர் அதில் கூடிய ஆட்களுக்கே ஆகிவந்தது. இன்றும் ஃப்ரீமேசன் வழக்கில் லாட்ஜ் என்பது உறுப்பினர் குழு, கட்டடம் அல்ல. ஒரே கட்டடத்தில் பல லாட்ஜுகள் முறைவைத்துக் கூடுவதுண்டு.

மேசன் என்றால் கொத்தனார். முன்னால் நிற்கும் 'ஃப்ரீ' எங்கிருந்து வந்தது என்பதில் இரண்டு கருத்து உண்டு. எந்தப் பக்கமும் பிளவாமல் செதுக்க இடம்கொடுக்கும் மென்கல்லுக்கு ஆங்கிலத்தில் 'ஃப்ரீ ஸ்டோன்' என்று பெயர். அதைச் செதுக்கியவர் என்பது ஒன்று. யாருக்கும் கட்டுப்படாத தொழிலாளி என்பது மற்றொன்று. முதலாவதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆகவே 'சுதந்திரக் கொத்தனார்' என்று எழுதுவது பொருளைக் கெடுக்கிறது.

பின்னாளில் கல் தொடாதவர்களும் சேர்ந்தார்கள். 1717 ஜூன் 24 அன்று லண்டனில் நான்கு லாட்ஜுகள் கூடித் தலைமை அமைப்பு ஒன்றைக் கண்டன. சென்னைக்கு லாட்ஜ் 1752-இல் வந்தது. இந்தியாவுக்கெனத் தனித் தலைமை 1961-இல் அமைந்தது. தொழில் போனாலும் தொழிற்சொற்கள் போகவில்லை. அவர்கள் சின்னத்தில் இருப்பவை மூலைமட்டமும் கவராயமும். தூக்குக்குண்டும் மட்டமும் ஒழுக்கத்துக்கு உவமைகள். உறுப்பினர் ஏறிவரும் மூன்று படிநிலைகளும் நம் சித்தாள், கொத்தனார், மேஸ்திரி ஏணியை ஒத்தவை. மேஸ்திரி போர்த்துகீசிய வழி வந்த சொல்; அதுவும் ஆங்கில 'மாஸ்டர்' என்பதும் ஒரே லத்தீன் வேர்.

மூடிய கதவு ஊர்வாயைத் திறந்துவிடும். ஆங்கிலேயர் காலத்துச் சொல்லகராதி ஒன்று, வடக்கே லாட்ஜை 'ஜாதுகர்', அதாவது மந்திரவீடு, என்றும் தெற்கே 'தலைவெட்டுக் கோவில்' என்றும் மக்கள் அழைத்ததாகப் பதிந்திருக்கிறது. புதிதாகச் சேருபவரின் தலையை வெட்டி மறுபடி ஒட்டுவார்கள் என்று நம்பினார்களாம். மூன்றாம் படிச் சடங்கில் சாலமோன் கோயிலைக் கட்டிய ஹிராம் என்ற சிற்பி கொல்லப்படும் கதை நடித்துக் காட்டப்படுகிறது. புரளி அதிலிருந்தே கிளம்பியிருக்கும் என்பது என் ஊகம். உள்ளே அரசியலும் மத விவாதமும் பேசத் தடை. உறுதிமொழியை அவரவர் மறைநூலின் மேல் எடுக்கலாம்: கீதை, பைபிள், குர்ஆன் எதுவாயினும். கோவைத் தாய்மார் பலருக்கோ, மேசன்களைக் குறிக்கும் 'மேசானிக்' என்றால் குழந்தைகள் ஆஸ்பத்திரிதான். சடங்கைப் பற்றி ஒன்றுமே தெரியாமல், காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போன இடத்தின் பெயராக அந்தச் சொல்லை அறிந்தவர்கள் அவர்கள்.

தமிழில் எப்படிச் சொல்வது? பிறப்பைப் பார்த்தால் சாளை. ஆனால் அது ஆட்களைக் குறிக்காது. சபை என்றால் கிறிஸ்தவத் திருச்சபை நினைவுக்கு வரும். மன்றம் பொருந்துகிறது. ஊர் நடுவே மரத்தடியில் கூடும் இடத்துக்கும், கூடியவர்களுக்கும் அது ஒரே பெயர். லாட்ஜும் அதே வழியில் பொருள் விரிந்த சொல். மேசனுக்குக் கொத்தர்: கொத்துதல் உளிவேலையையும் குறிக்கும். ஆக, கொத்தர் மன்றம். தங்குமிடத்துக்கு விடுதி ஏற்கெனவே இருக்கிறது.

லாட்ஜின் தலைவருக்கு அடைமொழியாக வரும் 'வொர்ஷிப்ஃபுல்' வழிபாட்டைச் சொல்வதல்ல. நம் மாநகராட்சிகளில் 'வணக்கத்திற்குரிய மேயர்' என்று சொல்லிவந்தோமே, அந்த மரியாதை. வாசலில் வாளோடு நிற்பவர் 'டைலர்'. டெய்லர் என்று மயங்கித் தையல்காரர் ஆக்கிவிட வேண்டாம். ஓடு வேய்பவர் என்பது சொல்லின் பொருள். செய்கிற வேலைக்கு வாயிற்காவலர் சரியாக இருக்கும்.