கொலு முடிந்தும் பொம்மைக்குப் பணம் வரவில்லையா? 45 நாள் விதி உங்களுக்கும் உண்டு

சென்னை கொசப்பேட்டையில் எனக்குத் தெரிந்த பொம்மைக்காரர் ஒருவர் இருக்கிறார். ஒரு வருடம் அவர் கடைக்குக் கொடுத்த சரக்கின் கணக்கைப் பார்க்கக் கேட்டேன். தினக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தைக் காட்டினார். "தசாவதாரம் 12 செட், அஷ்டலட்சுமி 8 செட், 60,000" என்று பென்சிலில் எழுதியிருந்தது. சரக்கு கொடுத்த தேதியும் இல்லை, வாங்கியவர் கையெழுத்தும் இல்லை. தை பிறந்தும் பணம் வரவில்லை. போன் போட்டால், "வித்ததும் தரேன்னு சொன்னேனே அண்ணே" என்று பதில். நவராத்திரி முடிந்த பிறகு அஷ்டலட்சுமி செட் வாங்க யார் வருவார்கள்?

நியாய வணிகம், அதாவது பொருளைச் செய்கிறவருக்கு நியாயமாக நடந்துகொள்ளும் வியாபாரம் என்றதும் எல்லோரும் விலையைத்தான் பேசுகிறோம். செய்கிறவரைக் கேட்டால் விலையைவிடத் தேதிதான் பெரிய தொல்லை என்பார். உலக நியாய வணிக அமைப்பு இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது: கைவினைப் பொருள் செய்பவர் கேட்டால், குறைந்தது பாதித் தொகையை வட்டியில்லா முன்பணமாகத் தர வேண்டும். நல்ல விதிதான். ஆனால் அந்த அமைப்பின் கொள்கைகளை ஏற்றுக்கொண்டவர்களை மட்டும்தான் அது கட்டும். நம் ஊர்க் கடைக்காரரைக் கட்டுவது 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம். முன்பணம் கொடு என்று அது சொல்லாது. பாக்கியை எந்தத் தேதிக்குள் தீர்க்க வேண்டும் என்று சொல்லும்.

கணக்கு இப்படி. எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்றால், சரக்கை ஏற்றுக்கொண்ட 15 நாளில் பணம் வந்துவிட வேண்டும். எழுதிக்கொண்டிருந்தால் அதில் உள்ள தேதி, ஆனால் அது 45 நாளைத் தாண்டக் கூடாது. "90 நாள் கழித்துத் தருவோம்" என்று ஆர்டரிலேயே அச்சடித்து நீங்கள் கையெழுத்தும் போட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள். அப்போதும் சட்டத்தின் 45 நாள்தான் நிற்கும். ஏற்றுக்கொண்ட நாள் எது என்ற சண்டைக்கும் வழி இருக்கிறது. பொம்மையில் விரிசல், வண்ணம் சரியில்லை என்று ஏதாவது இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சரக்கு கைக்குப் போன நாளே ஏற்றுக்கொண்ட நாள். தையில் வந்து "மூக்கு சரியில்லை" என்பது எடுபடாது.

தாமதமானால் வட்டி உண்டு, அதுவும் கடுமையான வட்டி. ரிசர்வ் வங்கி அறிவிக்கும் 'பேங்க் ரேட்' என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டி. பேங்க் ரேட் 5.5 சதவீதம் என்று வைத்தால் வருடத்துக்கு 16.5 சதவீதம். அறுபதாயிரத்துக்கு முதல் மாதம் 825 ரூபாய், ஆறு மாதத்தில் ஐயாயிரத்துச் சொச்சம். இது போக, 2024 ஏப்ரலிலிருந்து வருமான வரியிலும் ஒரு பிடி வைத்திருக்கிறார்கள். குறு, சிறு நிறுவனத்துக்குக் காலத்தில் பணம் தராத கடைக்காரர், பணத்தைக் கொடுக்கும் வருடம் வரை அந்தக் கொள்முதலைச் செலவுக் கணக்கில் காட்ட முடியாது. வட்டிக்கு அசராதவர்கள்கூட இதற்குக் கொஞ்சம் அசைகிறார்கள். மார்ச் மாதத்தில் அவர்களுடைய ஆடிட்டரே பாக்கியைத் தீர்க்கச் சொல்லி நெருக்குவார்.

இதெல்லாம் கிடைக்க உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு வேண்டும். ஆதார் எண்ணும் அதோடு இணைந்த மொபைலும் பான் எண்ணும் இருந்தால் ஆன்லைனில் முடிந்துவிடும். கட்டணம் கிடையாது. அரசுத் தளம் போலவே இருக்கும் தனியார் தளங்கள் ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும், அந்தப் பக்கம் போகாதீர்கள். ஒருவரே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்தாலும் அது குறு நிறுவனம்தான். சரக்கு கொடுப்பதற்கு முன்பே பதிவு செய்துகொள்ளுங்கள். கொடுத்த பிறகு பதிவு செய்துவிட்டுப் பழைய பாக்கிக்குப் போனவர்களை நீதிமன்றங்கள் திருப்பி அனுப்பியிருக்கின்றன.

இன்னொன்றும் உண்டு. செய்கிறவருக்குத்தான் இந்த உரிமை. பண்ருட்டியில் வாங்கி மயிலாப்பூரில் விற்கிறவர் வியாபாரி. அவரும் உத்யமில் பதியலாம், ஆனால் அது வங்கிக் கடனுக்கு மட்டும்தான் உதவும்.

பணம் வரவில்லையா? குறு, சிறு நிறுவன வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம். தமிழ்நாட்டில் சென்னை, திருச்சி, மதுரை, கோயம்புத்தூர் போன்ற ஊர்களில் இது இருக்கிறது. 2017-இல் வந்த 'சமாதான்' என்ற தளத்தில் மனுப் போடும் வழக்கம் இருந்தது. 2025-இல் இதற்கென்றே இணையவழித் தகராறு தீர்வுத் தளம் ஒன்றும் வந்தது. கடைக்காரர் மும்பையில் இருந்தாலும் சென்னை பொம்மைக்காரர் சென்னையிலேயே கேட்கலாம். இது எவ்வளவு பெரிய வசதி என்பது வெளியூர்க் கோர்ட்டுக்கு அலைந்தவர்களுக்குத் தெரியும். முதலில் இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசிப் பார்ப்பார்கள். முடியாவிட்டால் நடுவர் தீர்ப்பு. அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக வேண்டுமென்றால் கடைக்காரர் முக்கால் பங்குத் தொகையை முதலில் கட்ட வேண்டும். 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும், அதற்கும் தயாராக இருங்கள்.

சரி, காலண்டர் தாளுக்கு வருவோம். மன்றம் முதலில் கேட்பது பில், டெலிவரி சலான், ஆர்டர். "வித்தா காசு, விக்காட்டி திருப்பி எடுத்துக்கோ" என்று சரக்கை விட்டுவிட்டு வந்தால், அங்கே விற்பனையே நடக்கவில்லை என்று கடைக்காரர் வாதாட முடியும். 45 நாளை எங்கிருந்து எண்ணுவது என்பதே சிக்கலாகிவிடும். அப்படித்தான் கொடுத்தாக வேண்டும் என்றால், "நவராத்திரி முடிந்த பத்தாம் நாள் மீதிச் சரக்கைத் திருப்ப வேண்டும், திருப்பாததெல்லாம் விற்றதாகக் கணக்கு" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். தயங்காதீர்கள், கடைக்காரர் தன் வாடிக்கையாளருக்கு பில் போடாமலா விற்கிறார்?

கொசப்பேட்டைக்காரர் இப்போது கார்பன் தாள் வைத்த ஒரு பில் புத்தகம் வாங்கியிருக்கிறார். மேலே பெயருக்குக் கீழே உத்யம் எண்ணை ரப்பர் ஸ்டாம்பாகக் குத்துகிறார். கடையில் பொம்மைகளை இறக்கி வைத்ததும் மொபைலில் ஒரு படம் எடுத்து, "இன்று 20 செட் பெற்றுக்கொண்டீர்கள், 60,000" என்று அந்தக் கடைக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். இரண்டு நீல டிக் விழுந்த பிறகுதான் ஆட்டோ ஏறுகிறார்.