கப்பில் தட்டியாச்சு, அப்புறம் என்ன சார்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு கோல்ஃப் மைதானத்தின் ஏழாவது கிரீன், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை. பதினைந்து அடி தூரத்திலிருந்து ஒருவர் புட் செய்தார், அதாவது பந்தைக் குழிக்கு உருட்டினார். புட் என்று சொல்வது மரியாதைக்கு. ஓங்கி அடித்தார் என்பதுதான் சரி. கொடிக்கம்பைச் சுற்றி, தரைக்கு மேலே ஒரு அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது குழிக்குள் புதைந்திருக்க வேண்டிய பிளாஸ்டிக் கப். அதன் ஓரத்தில் டொக்கென்று உரசிய பந்து, வந்த வேகம் குறையாமல் கிரீனைத் தாண்டி, சரிவில் உருண்டு, தேயிலைக்குள் போய் மறைந்தது. அவர் புட்டரை, அந்த உருட்டுகிற மட்டையை, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அடுத்த குழிக்கு முதல் அடி அடிக்கிற டீ மேடையைப் பார்த்து நடந்தார். "பர்டி எழுதிக்கோங்க" என்றார். குழிக்கு விதித்த அடிக் கணக்கில் ஒன்று குறைத்து முடித்தால் பர்டி. எதிராளிக்கு வாய் அடைத்துப் போயிற்று. "என்ன சார், பந்து எங்கே?" என்று அவர் கேட்டபோது வந்த பதில்தான் மேலே இருக்கும் தலைப்பு.

பை தூக்கும் கேடிப் பையன் தேயிலைச் செடிகளுக்குள் குனிந்து பந்தைத் தேடிக்கொண்டிருந்தான். குழிக்குள் விழுந்துவிட்ட பந்தை.

நான் புல்தரை பார்க்கிறவன். போடிமெட்டுக்கு மேலே, இடுக்கி மலையில், இருபது வருடமாகக் கிரீன்கீப்பர் வேலை. போட்டி நாட்களில் விதிப் பஞ்சாயத்தும் என் தலையில்தான் விழும். அன்றைக்கு நடுவராகப் போயிருந்தது வேறொரு மைதானம். பெயர் வேண்டாம். ஒன்பது குழி. மூன்றில் கப் மேலே தூக்கி வைத்திருந்தது. இரண்டில் கம்பைச் சுற்றி ஏசி பைப்புக்கு மாட்டுகிற கறுப்பு நுரைக்குழாய். ஒன்றில் கப்பைத் தலைகீழாகக் கவிழ்த்திருந்தார்கள். மீதி மூன்று குழி வழக்கம்போல. ஒரே மைதானத்தில் நான்கு ஆட்டம். கமிட்டிக்காரர் ஒருவரைத் தனியாக அழைத்துப் போய்க் கேட்டேன். "டிவியில நிபான்னு ஓடுச்சு அண்ணே, அதான் யாரும் குழிக்குள்ள கை விடாம இருக்க ஒரு முன்ஜாக்கிரதை" என்றார்.

நிபா பழந்தின்னி வௌவாலிடமிருந்து வருவது. வௌவால் கடித்த பழம், நோயாளியின் எச்சில், சளி, அருகில் இருந்து பராமரிப்பது என்று பரவுவது. கோல்ஃப் குழியில் நுரை திணித்து அதை எப்படித் தடுப்பார்கள் என்று யோசித்து யோசித்து எனக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம்.

குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 2020இல் நானும் குழியை அடைத்தவன்தான். மார்ச் 25இல் நாடே பூட்டிக்கொண்டது. பிளாஸ்டிக்கின் மேல் வைரஸ் 72 மணி நேரம் வரைக்கும் உயிரோடு இருக்கும் என்று ஓர் ஆய்வு அதே மாதத்தில் வெளியாகியிருந்தது. மைதானம் மறுபடி திறந்தபோது, ஒரு நாளில் எத்தனையோ பேர் கைவிடுகிற குழியும் எல்லாரும் தொடுகிற கம்பும் பயமாகத்தான் தெரிந்தன. உலகம் முழுக்க அதைத்தான் செய்தார்கள்: கம்பை எடுக்காதே, குழியில் கை விடாதே, பங்கர் என்கிற மணல் பள்ளத்தில் ரேக்கை எடுத்துவிடு. போடிமெட்டு, சின்னாறு எல்லைச் சாவடிகளில் பாஸ் இல்லாமல் ஈ கூட நுழைய முடியாத காலம். தேனிக்குப் போய் நல்ல நுரை வாங்க வழியில்லை. டிவி பெட்டியில் வந்த தெர்மாக்கோலை வெட்டிக் குழியில் போட்டேன். இரண்டே நாளில் பொடிப்பொடியாக உதிர்ந்து, கிரீன் முழுக்க ஜவ்வரிசி கொட்டினாற்போல ஆகிவிட்டது. ஒவ்வொரு மணியாகப் பொறுக்க மூன்று பேர், அரை நாள். அந்தப் பாவத்துக்கு நானே பொறுப்பு.

அப்புறம் காலம் போனது, தெரியாதது தெரிந்தது. 2021 ஏப்ரலில் அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையமான சிடிசியே சொல்லிவிட்டது: அசுத்தமான ஒரு பொருளைத் தொடுவதால் கொரோனா ஒட்டும் வாய்ப்பு பொதுவாக 10,000இல் ஒன்றுக்கும் குறைவு. காற்றில்தான் பிரச்சினை, மூடிய அறையில்தான் பிரச்சினை. குழியைத் தொட மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றியவர்கள், ஆட்டம் முடிந்ததும் கிளப் வராந்தாவில் தோளோடு தோள் உரசி உட்கார்ந்து ஒரே தட்டில் பக்கோடா எடுத்ததை நான் கண்ணால் பார்த்தவன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ரத்தக் கொதிப்பு ஏற்றுவது நோய் பயம் இல்லை. "கப்பில் தட்டினாலே விழுந்த மாதிரிதானே" என்கிற பேச்சு. இல்லை. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

கோல்ஃப் குழியின் குறுக்களவு 4.25 அங்குலம், அதாவது 108 மில்லிமீட்டர். ஆழம் குறைந்தது 4 அங்குலம். 1891இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில், கோல்ஃப் விதிகளை வகுத்த ஆர் அண்ட் ஏ கிளப் இதை விதியாக்கியது. அதற்கு முன் ஊருக்கு ஒரு குழி, மைதானத்துக்கு ஓர் அளவு. நூற்று முப்பது வருடத்துக்கு முன் தீர்த்துவைத்த வழக்கைத்தான் நாம் ஏசி பைப் நுரையால் மறுபடி கிளப்பிவிட்டிருக்கிறோம். பந்தின் குறுக்களவு 1.68 அங்குலத்துக்குக் குறையக்கூடாது.

இப்போது கணக்கு. சாதாரணக் குழியில், மெல்ல உருண்டு வரும் பந்தின் மையம் குழியின் விளிம்புக்கு உள்ளே வந்தால்தான் பந்து விழும். ஆக, பந்தின் மையத்துக்கு இருக்கிற வாசல் 4.25 அங்குலம். அதுவும் மெதுவாக வந்தால் மட்டும். கப்பை மேலே தூக்கி வைத்து "தட்டினால் போதும்" என்று சொன்னால் என்ன ஆகும்? பந்தின் ஓரம் பட்டாலே கணக்கு. இடது பக்கம் பாதிப் பந்து, வலது பக்கம் பாதிப் பந்து. 4.25உம் 1.68உம் சேர்ந்து 5.93 அங்குலம். கிட்டத்தட்ட ஆறு அங்குலக் குழி! வாசல் நூற்றுக்கு நாற்பது அகலமாகிவிட்டது.

இது பாதிக் கதை. மீதி, வேகம். பந்து குழிக்கு மேலே பறந்துபோகிற நேரத்துக்குள் குறைந்தது தன் உயரத்தில் பாதி, 21 மில்லிமீட்டர், கீழே இறங்கியாக வேண்டும். அதற்கு ஒரு வினாடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் பிடிக்கும். இதை யாரும் அவசரப்படுத்த முடியாது, புவியீர்ப்பு கிளப் மெம்பர் இல்லை. நட்ட நடுவில் வரும் பந்துகூட வினாடிக்குச் சுமார் 1.6 மீட்டருக்கு மேல் வந்தால் பின்விளிம்பில் மோதித் தாண்டிவிடும். ஓரத்தில் வந்தால் இன்னும் மெதுவாக வர வேண்டும். புட்டிங் என்கிற வித்தையே இந்த வேகத்தில்தான் இருக்கிறது. திசை பாதி, வேகம் பாதி. தூக்கி வைத்த கப்பில் வேகம் என்ற பேச்சே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு அடி, உரசினால் போதும். எனக்குத் தெரிந்த ஒருவர் இரண்டு மாதம் இப்படி ஆடி, புட்டிங் கைவந்துவிட்டது என்று நம்பி, கோயம்புத்தூரில் ஒரு போட்டிக்குப் போய் முதல் ஒன்பது குழியில் நான்கு முறை மூன்று புட் எடுத்துவிட்டு வந்தார்.

விதியில் "விழுந்தது" என்றால் பந்து குழிக்குள் நின்று, முழுப் பந்தும் கிரீன் தரைக்குக் கீழே இருக்க வேண்டும். ஒரே ஒரு சலுகை உண்டு: கம்பில் சாய்ந்து நிற்கும் பந்தின் ஏதாவது ஒரு பகுதி தரைக்குக் கீழே இருந்தால் போதும். தட்டிவிட்டுத் தேயிலைக்குப் போனதற்குச் சலுகை எதுவும் இல்லை.

நுரைக்குழாய் ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. கம்பின் தடிமன் தரைமட்டத்தில் முக்கால் அங்குலத்தைத் தாண்டக்கூடாது, 19 மில்லிமீட்டர். கம்பு நடுவில் நின்றால் ஒரு பக்கம் மிஞ்சும் இடைவெளி 44.5 மில்லிமீட்டர். பந்து 42.7. இரண்டு மில்லிமீட்டர்கூட மிச்சமில்லை! அந்த இடத்தில் விரல் தடிமன் நுரையைச் சுற்றினால் பந்து எங்கே இறங்கும்? மேலே உட்கார்ந்து முழிக்கும், அல்லது துள்ளி வெளியே குதிக்கும். அன்றைக்கு நான்காவது கிரீனில் மூன்றடி புட், நேராக நடுவில் வந்தது, நுரையில் பட்டு நான்கடி திரும்பி ஓடியது. அடித்தவர் ரிட்டயர்டு பேராசிரியர், கெட்ட வார்த்தை பேசாதவர். அன்று பேசினார்.

கிரீன்கீப்பர் பக்கத்துக் கண்ணீரையும் கேளுங்கள். லைனரை, அதாவது அந்தக் கப்பை, தரைக்கு ஒரு அங்குலம் கீழே புதைக்க வேண்டும் என்று விதி சொல்வது சும்மா இல்லை. மேலே இருக்கிற அந்த ஒரு அங்குலம் மண்ணும் வேரும்தான் குழியின் உதடு. தினமும் கப்பை மேலே இழு, கீழே தள்ளு என்று விளையாடினால் உதடு கிழிந்துவிடும். காலையில் புல் வெட்டும் பையன் ஒரு நாள் கப்பை இறக்க மறந்தான். மோவரின் சுழல் பிளேடு பிளாஸ்டிக்கைக் கடித்து, சாணை பிடிக்க மலையிறங்க வேண்டியதாகிவிட்டது. இந்தப் பக்கத்து மழையைச் சொல்லவே வேண்டாம். ஜூனில் ஆரம்பித்தால் செப்டம்பர் வரைக்கும் குடை காயாது. கப்பின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறது, அதன்மேல் நுரையைத் திணித்து அமுக்கினால் ஓட்டை அடைந்துவிடும். ஒருமுறை மழைக்குப் பத்து நாள் மூடியிருந்த மைதானத்தில் நுரையை உருவினேன். உள்ளே கறுத்த தண்ணீரில் கொசுப்புழு நெளிந்தது. கொரோனாவுக்கு அடைத்த குழியில் டெங்குக்கு வளர்ப்புத் தொட்டி.

அடைக்கவே கூடாதா என்றால், அப்படிச் சொல்லவில்லை. நாளைக்கே இன்னொரு தொற்று வரலாம், தொட்டால் ஒட்டுவதாகவே இருக்கலாம். வந்தால் இப்படிச் செய்யுங்கள். நான் என் மைதானத்தில் செய்வது இது. லைனரைத் தொடாதீர்கள், அது புதைந்த இடத்திலேயே இருக்கட்டும். வட்டமான, கெட்டியான நுரைத் துண்டு ஒன்று, நடுவில் கம்புக்கு ஓட்டை, பக்கத்தில் தண்ணீர் வடிய இரண்டு வெட்டு. அதைக் கப்பின் அடியில் போடுங்கள். நுரையின் மேல்மட்டம் கிரீனிலிருந்து 55 மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும். தீப்பெட்டி வைத்து அளக்காதீர்கள், ஸ்கேல் வைத்து அளங்கள். பந்து முழுக்கத் தரைக்குக் கீழே போய்விடும், ஆனால் விரல் நுனியால் எடுக்கிற உயரத்தில் நிற்கும், கப்பைத் தொட வேண்டியதில்லை. குனிய முடியாத பெரியவர்கள் புட்டர் பிடியின் நுனியில் ரப்பர் கிண்ணம் மாட்டியிருப்பார்களே, அதற்கும் இது தோது. நாலு அங்குல ஆழம் என்கிற விதி இதில் வளைகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பந்து விழுகிறது, பாருங்கள், அதுதான் முக்கியம்.

கம்பை உள்ளேயே விட்டுவிடுங்கள். 2019இலிருந்து கிரீனில் அடித்த பந்து கம்பில் பட்டால் தண்டனை இல்லை. அதற்கு முந்தைய வருடம் கொரோனா வந்திருந்தால் என்ன பாடு பட்டிருப்போமோ. எல்லாவற்றையும்விட முக்கியம்: ஒன்பது குழி என்றால் ஒன்பதிலும் ஒரே மாதிரி, பதினெட்டு என்றால் பதினெட்டிலும் ஒரே மாதிரி. முதல் டீயில் ஒரு பலகையில் எழுதி வையுங்கள். அடுத்த கிளப்போடு ஆடுகிறீர்கள் என்றால் முந்தைய நாளே போனில் பேசி ஒரே அளவுக்கு வந்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

ஹேண்டிகேப்புக்கு, அதாவது ஆட்டக்காரரின் திறமையைக் காட்டும் எண்ணுக்கு, ஸ்கோர் போடுவது பற்றி அடிதடி வேண்டாம். 2020இல் அமெரிக்க கோல்ஃப் சங்கமான யுஎஸ்ஜிஏ தற்காலிகமாக ஒரு வழி சொன்னது: குழி விதிப்படி இல்லாத இடத்தில், பந்து விழாவிட்டால், அங்கிருந்து இன்னும் எத்தனை ஷாட்டில் முடித்திருப்பீர்கள் என்று நேர்மையாக மதிப்பிட்டு எழுதுங்கள் என்று. தேயிலைக்குள் போன பந்துக்கு நேர்மையான மதிப்பீடு பர்டி ஆகாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன். சொல்ல வேண்டியிருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இதைத் திட்டாகவும் எடுத்துக்கொள்ளலாம். குழியில் கை விட பயம், அதனால் நுரை. நுரையில் சிக்கிய பந்தை எடுக்க யாரைக் கூப்பிடுகிறீர்கள்? "டேய், எடுத்துக் கொடுடா" என்று கேடியை. போலீஸ் பட்டியல் கேடி இல்லை, உங்கள் பையைத் தூக்கி மலை ஏறி இறங்குகிற எஸ்டேட் பையன். எஸ்டேட் லயம் என்கிற ஒரே வரிசையில் பத்து வீடு, எல்லா வீட்டுக்கும் ஒரே பைப்பில் தண்ணீர். அவனுக்குக் காய்ச்சல் வந்தால் லயம் முழுக்கப் படுக்கும். ஒன்பது குழியிலும் ஒன்பது தடவை அவன் கைதான் பந்தை எடுத்ததை அன்றைக்கு எண்ணினேன். அவனுக்கு ஒரு சானிடைசர் பாட்டில் கூட யாரும் கொடுக்கவில்லை. உங்கள் பந்தை நீங்களே எடுங்கள், ஐயா. கொஞ்சம் குனிந்தால் இடுப்புக்கும் நல்லது.

அன்று மாலை அந்த மூன்று கப்பையும் இறக்கிவிட்டுத்தான் கிளம்பினேன். நுரைக்குழாய்கள் இரண்டும் ஸ்டோர் ரூமில் மூலையில் கிடக்கின்றன. கவிழ்த்து வைத்த கப் மட்டும் மண்ணோடு இறுகிப்போய் வரவில்லை. அதற்குக் கொக்கி வேண்டும். என்னிடம் இருக்கிறது, அடுத்த புதன்கிழமை கொண்டுவருகிறேன். அதுவரைக்கும் ஐந்தாவது கிரீனை மூடி வையுங்கள்.