அட்வென்ச்சர் கேமில் சாகசம் எங்கே?

‘மிஸ்ட் ஒரு புகழ்பெற்ற சாகச விளையாட்டு’ என்று தமிழில் எழுதுவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. 1993இல் வந்த அந்தக் கணினி விளையாட்டில் ஆளரவமற்ற தீவில் நடக்கிறோம், நெம்புகோலை இழுக்கிறோம், நூலகத்தில் பாதி எரிந்த புத்தகங்களைப் புரட்டுகிறோம். துரத்த ஆளில்லை, சாகவும் வழியில்லை. சாகசத்துக்கு எங்கே போவது?

அட்வென்ச்சர் என்பதன் லத்தீன் வேருக்கு ‘வந்து சேர்தல்’ என்று பொருள். அது கிடக்கட்டும். விளையாட்டு வகைக்கு இந்தப் பெயரைத் தந்தது ஒரு விளையாட்டுதான். குகைகளில் சுற்றும் வழக்கமுள்ள நிரலாளர் வில் கிரவுதர், கென்டக்கியின் மாமத் குகையை மனத்தில் வைத்து 1970களின் நடுவில் எழுதியது. 1977இல் டான் வுட்ஸ் அதைப் பெரிதாக்கினார். படமே கிடையாது. ‘விளக்கை எடு’ என்பதுபோல ஓரிரு சொல்லைத் தட்டச்சினால், நடந்ததைக் கணினி எழுத்தில் சொல்லும். அதன் பெயர் ‘அட்வென்ச்சர்’. அதே பாணியில் தேடிப் புதிர் அவிழ்க்கும் விளையாட்டுகளுக்கெல்லாம் அதுவே வகைப்பெயராகிவிட்டது. அந்தப் பெயரைக் கேட்டால் கதையைச் சொல்வதுபோல இருக்கும். குறிப்பது ஆடுபவர் செய்யும் வேலையை. நம்மிடமும் இரண்டு விதமும் உண்டு: ஆடுபுலி ஆட்டம் கதையால் வந்த பெயர், கண்ணாமூச்சி செய்கையால் வந்த பெயர்.

சாகசமோ வடமொழி சாஹஸம். பழைய தரும நூல்களில் வன்முறைக் குற்றத்துக்கே அந்தப் பெயர்! அந்த முரட்டுத்தனத்தைப் புதிர் விளையாட்டின் தலையில் கட்டியதோடு நின்றார்களா? ‘ஆக்‌ஷன் அட்வென்ச்சர்’ என்ற வகை வந்ததும் ‘அதிரடி சாகசம்’ என்று எழுதிவிட்டார்கள். இரண்டு சொல்லும் ஒன்றையே சொல்கின்றன. கைவேகமும் வேண்டும், தேடிப் புதிரும் அவிழ்க்க வேண்டும் என்ற கலப்பு அங்கே தொலைந்துபோனது. கேமை ஒருமுறை திறந்து பார்த்திருந்தால் இப்படி எழுதத் தோன்றாது. அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போடுவதற்கு மொழிபெயர்ப்பாளர் எதற்கு?

சிலர் ‘கதை விளையாட்டு’ என்கிறார்கள். துப்பாக்கி கேமில்கூட இன்று மணிக்கணக்கில் கதை ஓடுகிறது. எதைப் பிரித்துக் காட்டும் அந்தப் பெயர்? ‘விடுகதை’ எனக்குப் பிடித்த சொல், கதையும் புதிரும் அதிலேயே இருக்கின்றன. ஆனால் கேட்டவுடன் பாட்டி போடும் விடுகதைதான் நினைவுக்கு வரும்.

என் தேர்வு, தேடுபுதிர். சுடுசோறு மாதிரி வினைத்தொகை, நாவில் நிற்கும். கலப்பு வகைக்கு அதிரடித் தேடுபுதிர். சாகசத்தை மலையேறுபவர்களுக்கும் பாராசூட்டில் குதிப்பவர்களுக்கும் விட்டுவிடலாம்.