கான்கிஸ்டடோர் என்றால் ‘வெற்றி வீரர்’ இல்லை

தென் அமெரிக்காவின் இன்கா பேரரசைப் பிடித்த ஸ்பானியர் பிசாரோவின் கூட்டத்தைப் பற்றித் தமிழில் எது வந்தாலும் ‘கான்கிஸ்டடோர்’ உடனே ‘வெற்றி வீரர்’ ஆகிவிடுகிறார், ஏதோ கோப்பை வாங்கி வந்தவர் மாதிரி. சொல்லின் கதை சின்னதுதான். கான்கிஸ்டார் என்ற ஸ்பானிய வினைக்கு நாட்டைப் படையெடுத்துப் பிடிப்பது என்று பொருள், செய்பவரைக் காட்ட ‘டோர்’ விகுதி. லத்தீன் வேருக்குத் தேடித் திரட்டுதல் என்று அர்த்தம்.

சரி, இதில் வீரர் எங்கே வந்தார்? 1532 நவம்பர் 16 அன்று பெருவின் கஹமார்க்கா ஊரில் இன்கா அரசர் அட்டஹுவால்பாவைப் பிடித்த 168 பேரில் 62 பேர் குதிரைக்காரர்கள், மற்றவர்கள் காலாட்கள். தையல்காரர், பத்திரம் எழுதுபவர், வியாபாரி எல்லாம் அதில் உண்டு. ஸ்பானிய அரசர் சம்பளம் தரவில்லை. 1529-இல் பிசாரோவுக்குக் கிடைத்தது பெருவைப் பிடித்துக்கொள்ள அனுமதி, செலவு அவர்கள் பாடு. அட்டஹுவால்பாவை விடுவிக்க மீட்புப் பணமாக வந்த தங்கத்தை 1533-இல் உருக்கி, ஸ்பானிய அரசருக்கு ஐந்தில் ஒரு பங்கு எடுத்துவைத்தபின் மிச்சத்தைப் பிரித்தபோது குதிரைக்காரருக்குப் பொதுவாக 8,880 பெசோ (அக்கால ஸ்பானியப் பண அளவு) தங்கம், காலாளுக்கு ஏறத்தாழ அதில் பாதி. பிடித்த பிறகு வந்து சேர்ந்த, பிசாரோவின் கூட்டாளி அல்மாக்ரோவின் ஆட்களுக்குக் கிடைத்ததோ சொற்பம். அந்தக் கசப்பும் இன்கா தலைநகர் குஸ்கோ யாருக்கு என்ற தகராறும் முற்றி, 1538-இல் அந்நகருக்கு அருகே லாஸ் சலினாஸில் ஸ்பானியர்களே ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டார்கள். ‘ஸ்பானிய ராணுவத்தின் வெற்றி வீரர்கள்’ என்று எழுதிவிட்டால் இந்தப் பங்காளிச் சண்டை எப்படிப் புரியும்?

அதோடு வெற்றி இவர்களுடையது மட்டுமா? இன்கா அரியணைக்காகச் சகோதரர்கள் உவாஸ்கரும் அட்டஹுவால்பாவும் அப்போதுதான் உள்நாட்டுப் போரில் மோதி முடித்திருந்தார்கள். அப்புறம் இன்காக்களுக்குக் கீழே இருந்த கஞாரி, உவாங்கா மக்கள் ஸ்பானியர் பக்கம் நின்று சண்டையிட்டார்கள். அவர்களை எந்த மொழிபெயர்ப்பாளரும் வெற்றி வீரர் என்பதில்லை.

‘கூலிப்படை’யும் தப்பு, கூலியே கிடையாதே. தூய தமிழ்ப் பிரியர்கள், மண்ணாசையால் படையெடுப்பதைச் சொல்லும் வஞ்சித் திணையை இழுக்கலாம். மண்ணாசை பொருந்துகிறது, ஆனால் தொல்காப்பியம் சொல்வது வேந்தன்மேல் வேந்தன் செல்வதை. பிசாரோ எந்த ஊர் வேந்தன்?

நாடு பிடிப்பது என்று நம்மிடம் பச்சையாகவே ஒரு பேச்சு இருக்கிறது. பிள்ளைபிடிக்காரர் போல நாடுபிடிக்காரர். கொச்சையாகத் தோன்றினால் நாடுபிடிப்பாளர் என்று எழுதிக்கொள்ளுங்கள், அதுவும் பிடிக்காவிட்டால் கான்கிஸ்டடோர் என்றே விட்டுவிடுங்கள், பதக்கம் மட்டும் குத்தவேண்டாம்.