மிளகாய் நாற்று நெல் நாற்று அல்ல

போன ஐப்பசி அடைமழையில் கும்பகோணம் பக்கத்தில் ஒரு மாடித் தோட்டத்தைப் பார்க்கப் போயிருந்தேன். அகலமான ஒரே தொட்டியில் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் சேர்த்து விதைத்திருந்தார் அந்த வீட்டு அக்கா. நாற்றுகளில் பாதி படுத்துவிட்டன. "தம்பி, மழை விட்டா காலையும் சாயந்திரமும் தண்ணி ஊத்துறேன். மஞ்சளடிக்குதேன்னு யூரியாவும் போட்டேன். அப்புறமும் விழுது" என்றார்.

நாற்றுப்பண்ணை வேலையில் இத்தனை வருடமாக இதே பேச்சைத்தான் அதிகம் கேட்கிறேன். விழுந்த நாற்று ஒன்றை மண்ணோடு தோண்டி அவர் உள்ளங்கையில் வைத்தேன். மேலே வித்திலை இன்னும் பச்சையாகவே இருந்தது. மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் தண்டு பழுப்பாகி, வெந்ததுபோலக் குழைந்து, நூலாக இளைத்திருந்தது. வேரை இரண்டு விரலால் உருவினால் மேல்தோல் வழுக்கிக்கொண்டு வந்தது. உள்நரம்பு மட்டும் மிஞ்சியது. நல்ல வேர் வெள்ளையாக இருக்கும், உருவினால் தோல் கழலாது. இது நாற்றழுகல் நோய். பித்தியம் என்ற பூஞ்சாண வகை நுண்ணுயிரிதான் பெரும்பாலும் காரணம். அதன் வித்துகள் தண்ணீரில் நீந்திப் போகக்கூடியவை. அதனால்தான் ஒரே தொட்டியில் ஒன்று விழுந்தால் மறுநாள் பக்கத்தில் நாலு விழுகிறது.

டெல்டாவில் நாமெல்லாம் நெல் நாற்றங்காலைப் பார்த்தே வளர்ந்தவர்கள். நெருக்கமாகத் தெளித்து, தண்ணீர் கட்டினால் நாற்று செழிக்கும் என்பது மனதில் ஊறிவிட்டது. நெல்லுக்கு அது சரி. இலை வழியே வாங்கும் காற்றை வேர்வரை கொண்டுபோகும் குழல்கள் அதன் உடம்பிலேயே இருக்கின்றன. மிளகாய்க்கும் கத்தரிக்கும் அந்த வசதி இல்லை. மண் இடுக்கில் இருக்கும் காற்றுதான் அவற்றின் வேருக்கு மூச்சு. இடுக்கெல்லாம் தண்ணீர் நின்றால் வேர் திணறும், இலை வெளுக்கும். அந்த வெளுப்பைப் பசி என்று நினைத்து யூரியா போட்டால் இளவேர் கருகுவதுதான் மிச்சம்.

இன்னொன்று, வயல் மண். காவிரி வண்டல் பொன்னான மண்தான், மறுக்கவில்லை. ஆனால் நம் வயல்களில் பெரும்பாலும் களி. தொட்டிக்குள் போட்டால் நனைந்தால் பசை, காய்ந்தால் வெடிப்பு. அடித் துளையையும் அதுவே அடைத்துவிடும். அக்காவின் தொட்டித் துளையில் கம்பியை விட்டுக் குத்தினேன். கறுப்பாக, சாக்கடை வாடையோடு தண்ணீர் வடிந்தது. நாற்றுக்கு நன்றாக அலசிய தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் போதும். அலசாத நாரில் உப்பு இருக்கும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் போர் தண்ணீரே உப்பாக இருந்தால் இலை ஓரம் கருகி, தொட்டி விளிம்பில் வெள்ளை பூக்கும். அங்கே மழைநீரைப் பிடித்து ஊற்றுங்கள்.

சேர்த்து விதைப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை. தக்காளி ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். மிளகாய் மெதுவாக எழும்பும்போது அதன் தலைக்கு மேலே தக்காளி நிழல் கட்டியிருக்கும். வெயில் தேடி மிளகாய் நெடுநெடுவென்று நோஞ்சானாக நீளும். தக்காளி 25 நாளில் நடவுக்கு வந்துவிடும். மிளகாய்க்கு 40 நாள் வேண்டும். ஒன்றைப் பிடுங்கும்போது மற்றதன் வேர் அறுந்துபோகும். குழித்தட்டில் குழிக்கு ஒரு விதை போடுவதுதான் நிம்மதி.

ஏற்கெனவே சேர்த்து விதைத்திருந்தால்? விழுந்தவற்றைச் சுற்றியுள்ள மண்ணோடு அள்ளி வெளியே போடுங்கள், எருக்குழியில் வேண்டாம். தண்ணீரை நிறுத்தி, தொட்டியை மழை படாத, காலை வெயில் விழும் இடத்துக்கு நகர்த்துங்கள். லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற தாமிரப் பூஞ்சாணக்கொல்லியைக் கரைத்து வேர்ப்பகுதியில் ஊற்றலாம். அதோடு நோயை அடக்கும் நல்ல நுண்ணுயிரிகளான சூடோமோனாஸையோ டிரைக்கோடெர்மாவையோ கலந்துவிடாதீர்கள், தாமிரம் அவற்றைக் கெடுத்துவிடும். அவை விதை நேர்த்திக்கு, அதாவது விதைக்கும் முன் விதையில் கலந்து பூசுவதற்கு, உரியவை: கிலோ விதைக்கு சூடோமோனாஸ் என்றால் 10 கிராம், டிரைக்கோடெர்மா விரிடி என்றால் 4 கிராம். வீட்டுக்கு வாங்கும் சிறு விதைப் பொட்டலத்துக்கு ஒரு சிட்டிகையே தாராளம். நெருக்கத்தைக் குறைக்கப் பிடுங்காமல், கத்தரிக்கோலால் அடியோடு வெட்டுங்கள். பக்கத்து வேர் தப்பும்.

தண்ணீருக்கு மணிக்கணக்கு பார்க்காதீர்கள். விரலை ஒரு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம்.

அக்காவின் தொட்டியில் தக்காளி ஒன்றுகூடத் தேறவில்லை. நாலு இலை விட்ட மிளகாய் ஒன்பது மிஞ்சியது. மண் ஓரளவு காய்ந்த பிறகு ஒரு சாயங்காலம் இலையைப் பிடித்துத் தூக்கி, தண்டில் விரல் படாமல், துளையிட்ட தனித்தனி டம்ளர்களுக்கு அவரே மாற்றினார். ஒவ்வொன்றையும் வைத்துவிட்டு, கீழே தண்ணீர் சொட்டுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார்.