அவொயி: இலையிலிருந்து வந்த பெண் பெயர்

'அவொயி' என்ற ஜப்பானியப் பெண் பெயருக்கு 'நீல நிறத்தாள்' என்று பொருள் எழுதப்பட்டிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். முழுத் தவறு என்று சொல்ல மாட்டேன். நீலத்தைக் குறிக்கும் எழுத்தில் இந்தப் பெயரை எழுதுகிற பெற்றோரும் உண்டு. ஆண் பிள்ளைகளுக்கும் அப்படி வைக்கிறார்கள். ஆனால் பெண் பெயராக நாம் பெரும்பாலும் சந்திக்கும் அவொயியின் எழுத்து வேறு. அதன் உச்சியில் புல்லைக் குறிக்கும் உறுப்பு இருக்கும். அதாவது, இது ஒரு செடியின் பெயர்.

நம் மொழியில் 'மாலை' பொழுதாகவும் இருக்கிறது, பூந்தொடையாகவும் இருக்கிறது அல்லவா? அதுபோல ஒலி ஒன்று, சொல் இரண்டு. பழைய ஜப்பானிய எழுத்துமுறை இரண்டையும் தெளிவாகப் பிரித்தே காட்டியது: செடி 'அ-ஃபு-ஹி', நிறம் 'அ-வொ-ஷி'. நூற்றாண்டுகள் போகப்போக உச்சரிப்பு தேய்ந்து இரண்டும் ஒரே ஒலியில் வந்து நின்றன. அந்த நிறச்சொல்கூட நம்முடைய நீலம் மட்டுமல்ல. இளந்தளிரும், பச்சை ஆப்பிளும், சாலையில் 'போகலாம்' என்று எரியும் பச்சை விளக்கும் ஜப்பானியருக்கு அந்தச் சொல்லுக்குள்தான் அடங்கும்.

சரி, எந்தச் செடி? இன்றைய பேச்சில் அவொயி என்றால் ஆளுயரம் வளர்ந்து, கீழிருந்து மேலாக வரிசையாகப் பூக்கும் செடியையே பலரும் நினைப்பார்கள். துத்தி, செம்பருத்தி, வெண்டை குடும்பத்தைச் சேர்ந்தது அது. உச்சிப் பூ மலர்ந்தால் மழைக்காலம் முடிந்தது என்று சொல்வார்கள். ஆனால் பெயருக்குப் பெருமை சேர்த்தது அதுவல்ல. காட்டு நிழலில் தரையோடு படரும் 'ஃபுத்தாபா அவொயி', ஈரிலை அவொயி. ஒரு தண்டுக்கு இரண்டு இலை, இரண்டும் இதய வடிவம். பூவோ இலைக்கடியில் தலைகவிழ்ந்து ஒளிந்திருக்கும். அதனால் இந்தப் பெயரில் மணப்பது பூ அல்ல, இலை. எனக்கு இந்தப் பெயரில் மிகவும் பிடித்ததும் இதுதான்.

அந்த இலைக்குக் கியோத்தோ நகரில் ஒரு திருநாளே இருக்கிறது. ஆண்டுதோறும் மே 15 அன்று கமோ கோயில்கள் இரண்டுக்கும் அரண்மனையிலிருந்து ஊர்வலம் புறப்படும். ஐந்நூறு பேருக்கு மேல் பழங்கால அரசவை உடையில் நடப்பார்கள். அவர்களுடைய தலையணியிலும், மாட்டு வண்டியிலும், கோயிலிலும் அவொயி இலைதான் அலங்காரம். ஆறாம் நூற்றாண்டில் புயலாலும் மழையாலும் விளைச்சல் அழிந்தபோது கமோ தெய்வங்களின் சினம் தணிக்கத் தொடங்கிய வழிபாடு இது என்பது மரபு. பதினைந்தாம் நூற்றாண்டுப் போர்களுக்குப் பிறகு நின்றுபோய், 1694இல் மீண்டும் தொடங்கியது.

'அஃபுஹி' என்ற பழைய வடிவத்தில் புலவர்களுக்கு ஒரு சிலேடை கிடைத்தது. 'அஃபு' என்றால் சந்திப்பது, 'ஹி' என்றால் நாள். இலையைச் சூடிக்கொண்டு வருகிறவரைப் பார்த்து, 'இன்றுதானே நாம் சந்திக்கும் நாள்' என்று பாட்டில் சொல்லிவிடலாம்! பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முராசாகி ஷிகிபு எழுதிய, 'கெஞ்சி' என்ற நாயகனின் கதையிலும் இந்தச் சிலேடை வருகிறது. அந்த அத்தியாயத்தின் பெயரே 'அவொயி'. கெஞ்சியின் முதல் மனைவியை 'அவொயி சீமாட்டி' என்கிறோமே, அது ஆசிரியர் வைத்த பெயரல்ல. அத்தியாயத்தின் பெயரைக் கொண்டு பிற்கால வாசகர்கள் அழைத்தது.

1603 முதல் நாட்டை ஆண்ட தொகுகாவா குடும்பத்தின் சின்னமும் இந்த இலையே. வட்டத்துக்குள் மூன்று இலை. இயற்கையில் இரண்டுதான், மூன்றாவது ஓவியரின் கைவண்ணம்.

இவ்வளவு பழமை இருந்தும் இந்த எழுத்தைப் பெயரில் பயன்படுத்த இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய சட்டம் இடம் தரவில்லை. 1948 முதல் குழந்தைப் பெயருக்கு அனுமதிக்கப்பட்ட எழுத்துகளுக்கு வரம்பு இருந்தது. அவொயியின் எழுத்து அதில் சேர்ந்தது 1976இல்தான். அதற்குமுன் பதிவுசெய்ய வேண்டுமென்றால் அனுமதியுள்ள வேறு எழுத்திலோ, ஒலியை மட்டும் காட்டும் ஒலியெழுத்திலோதான் எழுத வேண்டும். பின்னரும் எளிய ஒலியெழுத்தையே விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். நடிகை மியாசாகி அவொயி தன் பெயரை அப்படித்தான் எழுதுகிறார்.

அப்புறம், தமிழில் என்ன சொல்வது? செடியாகப் பார்த்தால் ஈரிலை அவொயிக்கு நம் ஊர் உறவு ஆடுதீண்டாப்பாளை. ஒரே குடும்பம், இலையும் ஏறக்குறைய அதே இதய வடிவம். ஆனால் அதை ஒரு பெண்ணின் பெயருக்குப் பொருளாகச் சொன்னால் யாருக்கும் மனம் வராது. பொருளாகப் பார்த்தால் வழி இருக்கிறது. 'ஹி' என்பதற்கு நாள் மட்டுமல்ல, சூரியன் என்றும் பொருள். இலை கதிரவனை நோக்கித் திரும்பும் செடி என்பது இந்த எழுத்தைத் தந்த சீனத்திலும் பழைய நம்பிக்கை. சூரியகாந்தியின் ஜப்பானியப் பெயரை எழுதும்போதும் கடைசியில் வருவது இதே எழுத்து. அந்தச் சூரியகாந்திக்குப் 'பொழுதுவணங்கி' என்று தமிழில் ஒரு பெயர் உண்டு. அவொயிக்கு இதைவிடப் பொருந்தும் சொல் எனக்குத் தெரிந்து இல்லை.

பெயரை எழுதும்போது மட்டும் 'ஆயி', 'ஆவோய்' என்று நீட்டவோ குறுக்கவோ வேண்டாம். ஜப்பானியத்தில் அது அ, ஒ, இ என்று மூன்று குறில். சொல்லின் நடுவே உயிரெழுத்தைத் தனியாக நிறுத்துவது தமிழ் வழக்கமில்லை. உடம்படுமெய் சேர்த்து 'அவொயி' என்று எழுதினால் மூன்று எழுத்தும் அப்படியே நிற்கும்.